ஆடியோ டேக்குக்கு மார்க் போடும் 200 வருஷத்துக் கணக்கு: யார் இந்த ஜோசப் ஃபூரியர்?

வீட்டு ஹாலுக்கு ஒரு நல்ல ஆடியோ சிஸ்டம் வாங்கலாம் என்று ரிவ்யூக்களைத் தேடியிருக்கிறீர்களா? அப்படியானால் அந்த கிராஃப் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நடுவில் பனைமரம் மாதிரி ஒரே ஒரு உயரமான கோடு. பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில முள்கள். அடியில் புல் முளைத்த மாதிரி ஒரு நெளிவு. கீழே சைனாட் இத்தனை டெசிபல் என்று ஒரு எண்.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் டேக், அதாவது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர், நல்லதா சுமாரா என்பதை அந்தப் படம்தான் சொல்கிறது. ஹோம் தியேட்டர் பிராசஸருக்கும் இதே பரீட்சைதான்.

ஆனால் அந்தப் படத்துக்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் ஸ்பீக்கரைப் பார்த்ததில்லை. மின்சார விளக்கைக்கூடப் பார்த்ததில்லை. பிரான்ஸ் நாட்டுத் தையல்காரர் ஒருவரின் மகன் அவர். அந்தக் கணக்கை அவர் முதலில் எழுதிக் கொடுத்தபோது, நாட்டின் பெரிய கணித மேதைகள் அதை ஏற்கவில்லை. புத்தகமாக வெளிவர 15 வருஷம் ஆனது.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர் ஞாபகம் வந்துவிடும். ஆமாம், ஃபூரியர் சீரிஸ் ஃபூரியர்தான். யார் இவர்? இவருக்கும் உங்கள் ஆடியோ சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

பத்து வயதுக்குள் அநாதை

1768 மார்ச் 21-ம் தேதி பிரான்சின் ஆக்ஸேர் நகரத்தில் பிறந்தார் ஜோசப் ஃபூரியர். அப்பா தையல்காரர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். ஃபூரியருக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா இறந்தார். அடுத்த வருஷமே அப்பாவும் போய்விட்டார்.

அநாதையான சிறுவனுக்கு, பெனடிக்டின் துறவிகள் நடத்திய உள்ளூர் ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேதான் கணக்கு மேல் பைத்தியம் பிடித்தது. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தூங்கிய பிறகு அந்த வெளிச்சத்தில் கணக்குப் போடுவாராம்.

பீரங்கிப் படையில் அதிகாரியாக வேண்டும் என்பது ஆசை. ஆனால் பிரபுக் குடும்பத்தில் பிறக்காததால் அந்தக் கதவு திறக்கவில்லை. திறமை இருந்தும் பிறப்பால் தடை. வேறு வழியில்லாமல் துறவியாகப் போனார். அதற்கான உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மடத்தை விட்டு வெளியே வந்து, படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

கில்லட்டின் வரை போய்த் திரும்பியவர்

பிறப்பைப் பார்த்து ஆளை எடைபோடாத ஒரு நாடு வரும் என்று நம்பி, 1793-ல் உள்ளூர் புரட்சிக் குழுவில் சேர்ந்தார் ஃபூரியர். ஆனால் புரட்சி சீக்கிரமே ரத்த வெறியாக மாறியது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் எதிரி என்று சொல்லித் தலையை வெட்டும் காலம் வந்தது. நடுவில் புகுந்து சிலருக்காகப் பேசியது ஃபூரியருக்கே வினையாக முடிந்தது.

1794-ல் கைதானார். அடுத்து கில்லட்டின்தான் என்ற நிலைமை. அந்த ஜூலை மாதமே புரட்சி அரசின் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்தார். அவருடைய தலையே வெட்டப்பட்டது. சிறைக் கதவுகள் திறந்தன. ஃபூரியர் உயிர் பிழைத்தார்.

1795-ல் பாரிஸில் புதிதாகத் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மாணவராகப் போனார். அங்கே பாடம் எடுத்தவர்கள் லக்ராஞ்ச், லப்லாஸ், மோஞ்ச். அந்தக் காலத்துக் கணித உலகின் மூன்று ஜாம்பவான்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வருவார்கள்.

நெப்போலியனோடு எகிப்துக்கு

1798-ல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தார். படையோடு 150-க்கும் அதிகமான அறிஞர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஃபூரியரும் ஒருவர். கெய்ரோவில் அமைத்த ஆய்வு நிறுவனத்துக்கு அவர்தான் செயலாளர்.

பிரெஞ்சுக் கப்பல் படையைப் பிரிட்டன் அழித்துவிட்டதால் எல்லோரும் எகிப்திலேயே மாட்டிக்கொண்டார்கள். நெப்போலியன் 1799-ல் கிளம்பிவிட்டார். ஃபூரியர் ஊர் திரும்ப 1801 ஆகிவிட்டது.

பாரிஸில் பாடம் நடத்தவே அவருக்கு ஆசை. நெப்போலியன் விடவில்லை. 1802-ல் ஈசேர் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக கிரனோபிள் நகரத்துக்கு அனுப்பினார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் மாவட்ட கலெக்டர் மாதிரி. பூர்குவான் பகுதியில் நோய் பரப்பிக்கொண்டிருந்த சதுப்பு நிலங்களை வடியவைத்தது, கிரனோபிளிலிருந்து இத்தாலியின் டுரின் போகும் மலைச்சாலைப் பணி எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை.

பகலில் ஃபைல். கிடைக்கிற நேரத்தில் கணக்கு. ஒரே கேள்வி அவரை விடாமல் துரத்தியது. ஒரு பொருளில் சூடு எப்படிப் பரவுகிறது?

இரும்பு வளையத்தில் கிடைத்த விடை

ஒரு இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டு அதன் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கினார். வளையத்தின் வெவ்வேறு இடங்களில் தெர்மாமீட்டர் வைத்து, சூடு எப்படி நகர்கிறது என்று அளந்தார்.

ஒரு பக்கம் கொதிக்கிறது, மறுபக்கம் குளிர்கிறது. இந்தக் கோணல்மாணலான சூட்டை எந்தச் சமன்பாட்டில் அடக்குவது? ஃபூரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். எவ்வளவு கோணலான வடிவமாக இருந்தாலும், அதை ஒழுங்கான அலைகளாகப் பிரித்துவிடலாம். ஒரு பெரிய அலை, அதில் பாதி நீளத்தில் இன்னொன்று, மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இன்னொன்று. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் கூட்டினால் விடை வந்துவிடும்.

ஒரு கச்சேரியை நினைத்துப் பாருங்கள். வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாம் சேர்ந்து மைக்குக்கு வரும்போது ஒரே ஒரு நெளிந்த அலைதான். அந்த அலைக்குள் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியும் என்பதுதான் இதன் அர்த்தம். ஃபூரியர் யோசித்தது சூட்டை. ஆனால் சத்தம், வெளிச்சம், கரண்ட் என எல்லா அலைக்கும் அது பொருந்தியது.

குரு சொன்ன 'நோ'

1807 டிசம்பர் 21-ம் தேதி ஆய்வறிக்கையைப் பாரிஸ் அறிவியல் அமைப்பில் சமர்ப்பித்தார். பரிசீலிக்க நான்கு பேர் கொண்ட குழு. அதில் மூன்று பேர் அவருக்குப் பாடம் எடுத்த அதே லக்ராஞ்ச், லப்லாஸ், மோஞ்ச்.

முக்கியமான எதிர்ப்பு லக்ராஞ்சிடமிருந்து வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சைன் அலை என்பது வழவழப்பாக ஏறி இறங்கும் ஒன்று. அப்படிப்பட்ட அலைகளை எத்தனை சேர்த்தாலும், திடீரென்று முறியும் கோடு, செங்குத்தாகத் தாவும் கோடு எப்படி வரும்? அதற்கு ஃபூரியரிடம் முழுமையான நிரூபணம் இல்லை. விடை சரியாக வருகிறது, அளந்து பார்த்தால் ஒத்துப்போகிறது என்பதுதான் அவர் பலம். அறிக்கை அச்சுக்குப் போகவில்லை.

சூடு பரவுவதைப் பற்றியே அந்த அமைப்பு ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. ஃபூரியர் அறிக்கையை விரிவாக்கி 1811-ல் மறுபடியும் அனுப்பினார். 1812-ல் பரிசும் கிடைத்தது. ஆனால் நிரூபணம் போதாது என்ற குறிப்பும் கூடவே வந்தது. பரிசு கொடுத்தார்கள், அப்போதும் அச்சிடவில்லை.

சரி, டேக்கை எப்படி அளக்கிறார்கள்?

இங்கே ஒரு நிமிஷம் நம்ம ஹாலுக்கு வருவோம். சிடி தரத்தில் ஒரு பாட்டு என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். அந்த எண்களை மின் அழுத்தமாக மாற்றுவதுதான் டேக்கின் வேலை. மாற்றும்போது அது தன் பங்குக்கு எதையாவது சேர்த்துவிடுகிறதா என்பதுதான் சோதனை.

* 1,000 ஹெர்ட்ஸில் சுத்தமான ஒரே ஒரு சைன் அலையை டிஜிட்டல் ஃபைலாக டேக்குக்குக் கொடுப்பார்கள்.
* வெளியே வரும் சிக்னலை ஆடியோ அனலைசர் கருவியில் சொருகுவார்கள். வழக்கமான ஆர்சிஏ அவுட்புட்டில் இது சுமார் 2 வோல்ட்.
* அனலைசர் அதை மறுபடியும் எண்களாக்கி, ஃபூரியர் முறையில் பிரிக்கும்.

உள்ளே போனது ஒரே அலை. அதனால் வெளியேயும் ஒரே கோடுதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் டேக்கோ அதோடு சேர்ந்த இணைப்போ செய்த சேட்டை. எது எங்கே இருக்கிறது என்பதை வைத்து நோயையே கண்டுபிடிக்கலாம்.

* 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸில் முள் இருந்தால் அது ஹார்மோனிக் டிஸ்டார்ஷன். அலையின் வடிவம் நசுங்கியிருக்கிறது.
* 50, 100, 150 ஹெர்ட்ஸில் இருந்தால் கரண்ட் உறுமல். டேக்கின் பவர் சப்ளை காரணமாக இருக்கலாம், கேபிள் இணைப்பும் காரணமாக இருக்கலாம்.
* நடுக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக முள் நின்றால், நேரம் தவறும் ஜிட்டரைச் சந்தேகிக்கலாம்.
* அடியில் புல் மாதிரி இருப்பது இரைச்சல்.

இந்த வேண்டாத சமாச்சாரங்களை எல்லாம் கூட்டி, சிக்னலோடு ஒப்பிட்டால் கிடைப்பதுதான் சைனாட். 80 டெசிபல் என்றால் குப்பை, சிக்னலில் 10,000-ல் ஒரு பங்கு. 100 டெசிபல் என்றால் லட்சத்தில் ஒரு பங்கு. 120 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 2 வோல்ட் சிக்னலில் வெறும் 2 மைக்ரோவோல்ட். சிடியின் 16 பிட் ஃபார்மேட்டே தரக்கூடிய உச்சம் சுமார் 98 டெசிபல்தான்.

ஒரு எச்சரிக்கை. கிராஃபில் புல் மைனஸ் 140-ல் இருந்தால் டேக்கின் இரைச்சலே அவ்வளவு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 32,768 புள்ளிகளை எடுத்துப் பிரிக்கும்போது, மொத்த இரைச்சலும் 16,384 துண்டுகளாகச் சிதறுகிறது. ஒவ்வொரு துண்டும் சுமார் 42 டெசிபல் கீழே தெரியும். மொத்தமாகக் கூட்டிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

லக்ராஞ்ச் கேட்ட கேள்வி இன்னும் கிராஃபில் இருக்கிறது

டேக்குக்குச் செய்யும் இன்னொரு சோதனை சதுர அலை. செங்குத்தாக ஏறி, நேராக ஓடி, செங்குத்தாக இறங்கும் வடிவம். லக்ராஞ்ச் சந்தேகப்பட்டது இந்த மாதிரி வடிவத்தைத்தான்.

சோதனையில் மூலைகள் கச்சிதமாக வராது. ஒவ்வொரு திருப்பத்திலும் குட்டிக் குட்டி நெளிவுகள் வரும். பார்ப்பவர்கள் டேக் கெட்டுப்போச்சு என்று பயப்படுவார்கள். அது பழுது இல்லை. சிடி தரத்தில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைகளுக்கு இடமே கிடையாது. கையில் இருக்கும் அலைகளை மட்டும் வைத்து மூலை கட்டினால் நெளிவு வரத்தான் செய்யும். எத்தனை அலை சேர்த்தாலும், தாவும் உயரத்தில் சுமார் 9 சதவீதம் மீறல் விளிம்பில் இருந்துகொண்டே இருக்கும் என்று பின்னால் வந்த கணித அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். சேர்க்கச் சேர்க்க அது ஒல்லியாகும், ஆனால் உயரம் குறையாது.

ஆக, மூலையில் சிக்கல் இருக்கிறது என்று குரு சொன்னது சரி. இந்த முறை வேலை செய்கிறது என்று சிஷ்யன் சொன்னதும் சரி. எந்தெந்த வடிவத்துக்கு இது பொருந்தும் என்று தெளிவான நிபந்தனைகளோடு 1829-ல் நிரூபித்தவர் டிரிச்லே. பாரிஸில் ஃபூரியரோடு பழகிய இளைஞர்.

இரண்டு அரசர்களுக்கு நடுவே

கிரனோபிளில் இருந்த ஃபூரியருக்கு மறுபடியும் சோதனை. பதவி இழந்து எல்பா தீவில் இருந்த நெப்போலியன், 1815 மார்ச்சில் தப்பித்து வந்தார். பாரிஸ் போகும் வழியில் கிரனோபிள். அப்போது ஃபூரியர் புதிய மன்னரின் அதிகாரி. நெப்போலியன் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நகரத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்.

நெப்போலியனுக்குக் கோபம். ஆனாலும் பழைய பழக்கத்தில் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரோன் மாவட்டத்தின் பொறுப்பைக் கொடுத்தார். அதிலும் ஃபூரியர் ஒட்டவில்லை, கொஞ்ச நாளிலேயே விலகினார். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபோது, ஃபூரியர் கையில் பதவியும் இல்லை, பென்ஷனும் இல்லை. வயது 47. பழைய மாணவர் ஒருவர் பாரிஸ் நிர்வாகத்தில் புள்ளிவிவரத் துறை வேலை வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார்.

1816-ல் அறிவியல் அகாடமிக்குத் தேர்வானார். நெப்போலியனின் ஆள் என்று மன்னர் பதினெட்டாம் லூயி ஒப்புதல் தரவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் தேர்வு செய்தார்கள், இந்த முறை தடை வரவில்லை.

1822-ல் அதே அகாடமியின் நிரந்தரச் செயலாளர் ஆனார். அதே வருஷம்தான் வெப்பம் பற்றிய அவருடைய புத்தகமும் வெளியானது. 1807-ல் நின்றுபோன கணக்கு, 15 வருஷம் கழித்து எல்லோர் கைக்கும் வந்தது.

அதே 1822-ல் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை உடைத்தவர் ஷாம்போலியன். கிரனோபிளில் சிறுவனாக இருந்த அவருக்குத் தன்னிடம் இருந்த எகிப்தியப் பொருள்களைக் காட்டி ஆர்வமூட்டியவர் ஃபூரியர்தான்.

சூட்டிலேயே கழிந்த கடைசி நாட்கள்

எகிப்திலிருந்து திரும்பிய பிறகு ஃபூரியருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்நேரமும் கனமான உடை, எப்போதும் சூடேற்றிய அறை. சூட்டைப் பற்றியே யோசித்தவர் சூட்டுக்குள்ளேயே வாழ்ந்தார். 1824-ல் பூமி ஏன் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று யோசித்து, காற்று மண்டலம் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என எழுதினார். இன்றைய பசுமை இல்ல விளைவு பற்றிய பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது.

1830 மே மாதத் தொடக்கத்தில் மாடிப்படியில் விழுந்தார். மே 16-ம் தேதி பாரிஸில் இறந்தார். வயது 62. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் எகிப்திய வேலைப்பாட்டோடு அவர் கல்லறை இருக்கிறது. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. சொந்த ஊரில் வைத்த வெண்கலச் சிலையை மட்டும் இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு வந்த கதை

ஃபூரியர் முறை சரி, ஆனால் கையால் போட்டால் ஆயுசு போதாது. 32,768 புள்ளிகளை நேரடியாகப் பிரிக்க சுமார் 107 கோடி பெருக்கல் வேண்டும். 1965-ல் கூலி, டூக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் குறுக்குவழி ஒன்றை வெளியிட்டார்கள். அதில் சுமார் 5 லட்சம் போதும். ரிவ்யூ கிராஃபில் எஃப்எஃப்டி என்று போட்டிருக்கிறார்களே, அது இந்தக் குறுக்குவழிதான். ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்.

ஹோம் தியேட்டர் பிராசஸரில் ஒரு மைக்கை வைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஊய் என்று ஒரு சத்தம் விட்டு ரூமை அளக்கும் வசதி இருக்கிறதல்லவா? அதற்குள்ளும் இதே ஃபூரியர் கணக்கு ஓடுகிறது.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சைனாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த வோல்ட்டில் அளந்தார்கள், எந்த இன்புட்டில் அளந்தார்கள் என்று பாருங்கள். பிராசஸர் என்றால் எச்டிஎம்ஐ வழியாக வரும் எண்ணும் மற்ற இன்புட்டில் வரும் எண்ணும் வேறாக இருக்கலாம். ரூம் கரெக்‌ஷன் ஆனில் அளந்தார்களா, ஆஃபிலா என்பதும் முக்கியம்.

இன்னொன்று. சத்தமாக வைத்து பாஸ் அதிரும்போது, ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷன் 1 சதவீதம்கூட ஆகலாம். டெசிபலில் சொன்னால் 40 தான். 110 டெசிபல் டேக்குக்கும் 120 டெசிபல் டேக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போனால் காதுக்கு அதிகம் தெரியுமா என்று யோசியுங்கள்.

எண் ஒன்றாக இருக்கும் இரண்டு டேக்குகளில், ஒன்றில் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் இன்னொன்றில் ஹார்மோனிக் முள்ளும் இருக்கலாம். உறுமலைக் கேபிள் மாற்றி, பிளக் மாற்றிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஹார்மோனிக்கை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சைனாட் சொல்லாது, கிராஃப்தான் சொல்லும். அடுத்த முறை ரிவ்யூ பார்க்கும்போது எண்ணோடு நிறுத்திவிடாமல் அந்த முள்கள் எங்கே நிற்கின்றன என்றும் பாருங்கள். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்காகத்தானே அந்தத் தையல்காரர் மகன் 15 வருஷம் காத்திருந்தார்.